பேட்டரி விளக்கு எரியாத கார்

ஜூன் 9, ஞாயிறு
உப்பு லோடு இல்லாத நாள். காரின் மீட்டரைக் கழற்றி, உள்ளே இருந்த மஞ்சள் பல்பு அத்தனையையும் எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டேன். தொண்ணூற்றெட்டு மாடல் வண்டி. சாயங்காலமானால் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இப்போது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. என் மனைவி வேல்விழி எட்டிப் பார்த்தாள். “எலக்ட்ரீஷியன் தேவமணி அண்ணன்கிட்ட விட்டிருந்தா அரை மணி நேரத்துல முடிச்சிருப்பாவ. இங்கன சோறு ஆறிப் போச்சு.” வீடியோ பார்த்தே செய்தேன். ஒருத்தனிடமும் போய் நிற்கவில்லை.

ஜூன் 10
சாவி போட்டதும் எரிந்து அணையும் சிவப்பு பேட்டரி விளக்கு இப்போது எரியவே இல்லை. எரிந்தால்தானே கோளாறு? நல்லதாகப் போயிற்று.

ஜூன் 13
கீழவைப்பார் போய்த் திரும்பும்போது வண்டி நின்றுவிட்டது. பேட்டரி காலி. தேவமணியிடம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பழசுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டானோ? இருபது வருஷப் பழக்கம்தான் — அதனாலேயே துணிந்திருப்பான்.

ஜூன் 14
உப்பு லாரிகளை எடைபோடும் எடைமேடையில் வைத்து, தேவமணி பழைய பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், லாரி முதலாளி கிருபாநிதியும் இருந்தார். அவருடைய ஆறு லாரிக்கும் வயரிங் வேலை தேவமணிதான். “அண்ணாச்சி சொன்னா விசாரிக்கவே வேண்டாம்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 19
கிருபாநிதியின் லாரிகள் மாப்பிள்ளையூரணியில் வேறு கடைக்குப் போகின்றனவாம்.

ஜூன் 22
சார்ஜ் ஏற்றிய பேட்டரி மறுபடியும் இறங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கத்தான் தேவமணி கடைக்குப் போனேன். சாவியைப் போட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பேட்டரி லைட்டுல என்ன போட்டிருக்கீங்க?”

“எல்.இ.டி.”

“அதையுமா? அந்தப் பல்பு வழியாத்தான் சார்ஜ் ஏத்துற டைனமோவுக்கு முதல் கரண்ட் போவும். திருப்பி வேற மாட்டியிருக்கீங்க. லைட்டும் எரியல, சார்ஜும் ஏறல. பேட்டரி என்ன செய்யும், சார்?”

சார். இருபது வருஷமாக அண்ணாச்சி.

அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய பல்பைப் போட்டான். சார்ஜ் ஏறியது. காசு வாங்கவில்லை. ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்லா. ஏன் திட்டலை?

ஜூன் 23
கிருபாநிதிக்குப் போன் செய்யலாமா என்று பார்த்தேன். ஊரே கேட்கும்படி சொன்னதை ஒருத்தர் காதோடு மட்டும் சொல்லி எப்படித் திருப்பி எடுப்பது?

ஜூன் 24
எடைமேடையில், எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். “தேவமணி பேட்டரில குத்தமில்ல. பல்பை மாத்திக் கெடுத்தது நான்.”

டிரைவர் மந்திரமூர்த்தி, “அண்ணாச்சி மாட்டுனது எல்.இ.டி., வாங்குனது பல்பு” என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான், வேறென்ன செய்ய. கிருபாநிதி சிரிக்கவில்லை. “புது ஆளுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே, அண்ணாச்சி.”

ஜூலை 3
தேவமணி கடை முன்னால் கிருபாநிதியின் லாரி இரண்டு நின்றன. மீதி நாலைக் காணோம். அவனுக்கு வேலை கொடுக்கச் சொல்லி வேறு லாரிக்காரர்கள் நாலு பேரிடம் பேசியிருப்பதாகச் சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “என்னைப் பத்தி இனி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நல்லதும் வேண்டாம்.”

தலையாட்டினேன்.

“வண்டி சார்ஜ் ஏறுதுல்லா?”

ஏறுது என்றேன்.