நீ செருப்பைக் கழற்றி வைத்த கரை

அண்ணா,

இன்று காலை பாலாறு வந்துவிட்டது. ஆந்திராப் பக்கம் சில நாட்களாக நல்ல மழை. தெருவே பாலத்தைப் பார்க்க ஓடியது. நான் வாசலில் நின்றபடியே மூக்கால் தெரிந்துகொண்டேன். முதலில் புதுத்தண்ணீரின் மண்வாசனை. அதன் அடியிலேயே, சுண்ணாம்பில் ஊறிய பச்சைத்தோலின் வாடை. தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்ததும் நீ கழற்றிப் போடும் சட்டையில் அடிக்குமே, அதே வாடை. அந்தச் சட்டையை அண்ணி மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத்தான் துவைப்பார்.

என் வீட்டுக் கொல்லை வேப்பமரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். அதற்குள் நீ இருக்கிறாய், ஒரு பிடிச் சாம்பலாக.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது இது ஒன்றுதான். "ராமேஸ்வரம்லாம் வேணா பாப்பா. பாலாத்துல தண்ணி ஓடச்சொல்லோ உட்டுடு." சரி என்று தலையாட்டினேன். ஆனால் நீ போனது நல்ல கோடையில். கருமாதிக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். ஊறி வந்தது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. காரியம் செய்ய வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்த தலையில ஊத்திக்கினா சொறிதான் வரும். கேன் தண்ணி வாங்கினு வாங்க" என்றார். ஆற்றின் நடுவில் உட்கார்ந்து உன் மகன் கேன் தண்ணீரில் தலை முழுகினான். நீ இருந்திருந்தால் முதலில் நீதான் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே அவன் சாம்பலை ராமேஸ்வரத்துக்குக் கொண்டு கிளம்பினான். நான் குறுக்கே நின்றேன். "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இதுல இன்னா பேச்சு?" என்று பெரியவர்கள் வாயை அடைத்தார்கள். அண்ணிதான் யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி அள்ளி என் முந்தானையில் போட்டார். ஆறு வரட்டும் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன்.

உன்னைப்போல இந்த ஆற்றைக் கும்பிட்டவன் ஒருவனை நான் பார்த்ததில்லை. பஸ் பாலத்தில் ஏறினால் போதும், அடியில் வெறும் மணல் கிடந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வாய். "மேலதான் காஞ்சி கெடக்குது. கீழ ஓடிக்கினுதான் கீறா" என்பாய். பள்ளிகொண்டா கோயிலுக்குப் போனபோதெல்லாம் அதே கதை. பிரம்மா தன்னை விட்டுவிட்டு யாகம் செய்கிறான் என்று கோபித்துக்கொண்ட சரஸ்வதி, ஆறாகப் பெருகி அதை அழிக்க வந்தாளாம். பெருமாள் குறுக்கே படுத்து மறித்தாராம். அவர் படுத்த இடம்தான் பள்ளிகொண்டா, அவள்தான் பாலாறு. "கோவமா வந்தவள ஒரு வார்த்த இன்னான்னு கேக்காம குறுக்க படுத்துக்கினாரா உங்க பெருமாளு?" என்று ஒருமுறை கேட்டேன். "வாய்க்கொழுப்பு ஜாஸ்தி உனுக்கு" என்று தலையில் தட்டினாய்.

அப்போதும் உன் மேல் கோபம் இல்லை. கோபம் வந்தது போன முறை ஆறு வந்த அன்றைக்கு.

அன்று காலை நீ மூன்று முழுக்குப் போட்டு, பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வீடெல்லாம் தெளித்தாய். உன் வீட்டுக்கு வந்திருந்த என் தலையிலும் தெளித்தாய். மத்தியானம் டேனரியிலிருந்து போன் வந்தது. சோற்றில் கைவைத்தவன் அப்படியே எழுந்து போனாய். சாப்பிடாமல் போகிறாயே என்று டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே வந்தேன். டேனரியின் பின்சுவருக்கு வெளியே, கழிவுக் குழாய் ஆற்றைப் பார்த்து நிற்கும் இடத்தில் நீ இருந்தாய். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாய். குனிந்து ஆற்றுத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பிறகு இரண்டு கையாலும் வால்வைத் திருகித் திறந்தாய்.

தொட்டியில் தேக்கி வைத்திருந்ததெல்லாம் நீலமும் கறுப்புமாக ஆற்றில் விழுந்தது. வெள்ளத்தோடு போனால் யார் கண்ணுக்கும் தெரியாது. சுத்தம் செய்யும் செலவும் முதலாளிக்கு மிச்சம்.

என்னைப் பார்த்ததும் உன் முகம் செத்துவிட்டது. "இன்னாண்ணா இது?" என்றேன்.

"ஆத்துக்கு இன்னா பாப்பா? எத்தினி பேரு பாவத்த எடுத்துக்குது. இத்த எடுத்துக்காதா?"

"பாவத்த எடுத்துக்கும்ணா. கெமிக்கல எடுத்துக்குமா?"

நீ டப்பாவை வாங்கிக்கொண்டாய், திறக்கவில்லை. அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நானும் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து தோல் தைப்பவள்தான். என் சோறும் அந்தத் தொட்டியில் ஊறித்தான் வந்தது, தெரியும். வேலையை விட்டிருந்தால் உன் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள் என்பதும் தெரியும். வால்வைத் திறந்ததைக்கூட என்னால் மன்னிக்க முடியும். செருப்பைக் கழற்றினாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. சாமி என்று நினைக்காதவன் செய்தால் அது அக்கிரமம், அவ்வளவுதான். நீ சாமி என்று தெரிந்தே செய்தாய். கண்ணில் ஒற்றிக்கொண்டு செய்தாய். அம்மாவிடம் ஆசி வாங்கிக்கொண்டு அம்மா தலையிலேயே கல்லைப் போடுவாயா அண்ணா?

இன்று முடிச்சை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குத்தான் போனேன். நீ முழுக்குப் போட்ட கரையும் அதுதானே. கொஞ்சம் மேலே பெண்கள் மஞ்சள் குங்குமம் தூவி, கற்பூரம் ஏற்றி, குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாக்கெட்டைக் கிழித்து ஆற்றில் பால் ஊற்றினாள். கீழே குழாயடியில் ஆள் உயரத்துக்கு நுரை. பிள்ளைகள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வால்வுக்குப் பக்கத்தில் உன் வேலைக்கு வந்திருக்கும் ஆள் நின்றிருந்தார். உன் வயதுதான் இருக்கும், நெற்றி நிறைய விபூதி. கையில் முடிச்சோடு நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நல்ல மனிதர், குரலில் இரக்கம் இருந்தது.

"யாரும்மா, ஊட்டுக்காரரா?"

"அண்ணன்."

"பயப்படாம உடும்மா. ஆறு எல்லாத்தையும் எடுத்துக்கும்."

அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால். சுவரோரமாக ஒரு ஜோடி செருப்பு, நீ வைப்பதுபோலவே ஒழுங்காக இருந்தது.

என்னால் முடியவில்லை அண்ணா. உன்னிடமிருந்து அவளைக் காப்பாற்றுகிறேனா, அவளிடமிருந்து உன்னையா, எனக்கே விளங்கவில்லை. அவள் வயிற்றில் நீ கொட்டியது போதும், கடைசியில் உன்னையும் நான் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா என்று மட்டும் தோன்றியது. முடிச்சை இறுக்கிக்கொண்டு திரும்பி விறுவிறுவென்று நடந்தேன். அந்த ஆள் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உன்னை மறுபடியும் வேப்பமரத்தில் கட்டிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. எப்போது காப்பாற்றுவேன் என்றும் தெரியாது.

கட்டிவிட்டுக் கால் கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தேன், காலில் செருப்பு இல்லை. கரைக்குப் போனதும் நானும் கழற்றி வைத்திருக்கிறேன். உன்மேல் இவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டும் ஆற்றைக் கண்டதும் கால் தானாகக் கழற்றியிருக்கிறது. நீ பழக்கிய கால். அந்த ஆள் கூப்பிட்டது அதற்காகத்தான் போலிருக்கிறது.

அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் என்னுடையதும் கிடக்கும். போய் எடுத்து வர மனம் வரவில்லை.