அடுப்படியில் பூட்ஸ்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நம் பெண் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? போனில் பேசினால் இவர்கள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இந்த வெளிநாடு போதாதென்று லீவுக்கு வேறொரு நாட்டில் மலை ஏறப் போகிறார்களாம். நம் பெண் அந்த இடத்தை அலசி எடுத்ததைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நாம் இவ்வளவு விசாரிக்கவில்லை. படத்தில் நாலு பேர் தெரிந்தால் அந்த இடம் வேண்டாமாம்.

"கூட்டமே இருக்காதும்மா, நிம்மதியா இருக்கலாம்" என்றாள்.

"ஏண்டி, இந்தத் தெருவுல மட்டும் கூட்டம் அலைமோதுதா?" என்றேன். மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

எனக்கும் பூட்ஸ் வாங்கிவிட்டார்கள். இப்போதே போட்டுப் பழகினால்தான் மலையில் கடிக்காதாம். நம் வம்சத்திலேயே அடுப்படியில் பூட்ஸோடு நின்று சமைத்தவள் நான்தான். நேற்று அதோடு வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை, பேத்தி கைதட்டினாள்.

விஷயம் இதுதான். நான் ஊருக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில்தான் அந்தப் பயணம். டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமா என்று மாப்பிள்ளை உங்களைக் கேட்பார். ஆசையாகக் கூப்பிடுகிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் பெரிய மனசு பண்ணி, "போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிடாதீர்கள். முட்டி வலி, தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லுங்கள். கொஞ்சம் முனகினாலும் நல்லது.

கீழே ஸ்கூல் வண்டி வந்துவிட்டது, பேத்தியை அழைக்க ஓட வேண்டும். எனக்கு ஏக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பூட்ஸ் கடிக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பேத்தியின் பாட்டி