அந்த டியூபைக் கொடுத்தவன் நான்

இன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து காலிக் களிம்பு டியூப் ஒன்றைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். கடைசிச் சொட்டு வரை பிதுக்கி, அடியிலிருந்து சுருட்டியிருந்தார். "இது ஒண்ணு குடுங்க" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டே. டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றதும், ஆரணியில் வேறு மெடிக்கலே இல்லையா என்று முறைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சுருட்டலைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது அண்ணா. நீங்களும் அப்படித்தான் சுருட்டிக் கொண்டு வருவீர்கள்.

என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி உங்கள் பட்டுத் தறி. இந்த மாதிரி அரிப்புக்கு மருந்து கேட்டு வருகிற ஆண்கள் எல்லோரும் "பிரண்டுக்கு" என்றுதான் கேட்பார்கள். என் வியாபாரத்தில் பிரண்டு இல்லாமல் வந்த முதல் ஆள் நீங்கள்தான். "தொடை இடுக்குல ஒரே அரிப்பு தம்பி. தறியில குந்தவே முடியல" என்று நேராகச் சொன்னீர்கள். நான் பதில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிற அந்த டியூபையே எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. என்னைக் கைராசிக்காரன் என்றீர்கள். அடுத்த மாதம் திரும்பி வந்தது, முன்பைவிட அகலமாக. மறுபடி ஒரு டியூப். இப்படியே எட்டு மாதம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் விற்கலாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். தெரிந்தும் கொடுத்தேன். எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்களே என்று ஒரு சமாதானம்.

எட்டு மாதத்தில் படை இடுப்புக்கு ஏறி, ஆண்குறித் தோலுக்கும் பரவியிருந்தது. தொடைத் தோல் மெலிந்து சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. பிறகு அண்ணிக்கும் இடுப்பில் அரிப்பு வந்தது. நீங்களோ சேலை கொடுக்க மாதம் இரண்டு தடவை பெங்களூர் போய் வருகிற ஆள். அண்ணி கணக்குப் போட்டுவிட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கலசப்பாக்கத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் நீங்கள் வேலூரில் தோல் டாக்டரைப் பார்த்தீர்கள். அந்த டாக்டர் ஒரு பெண். கூச்சமாக இல்லையா என்று கேட்டேன். "காட்டறதுக்கு வெக்கப்பட்டா கடைசி வரைக்கும் சொறிஞ்சிகினுதான் இருக்கணும்" என்றீர்கள். சீட்டை என் முன்னால் வைத்தபோது கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சத்தம் போடப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் குரலை இறக்கி, "நீ தெரியாம குடுத்த, நான் தெரியாம போட்டுகினேன். இனிமே ரெண்டு பேரும் தெரிஞ்சிக்கலாம்" என்றீர்கள். தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் சொன்னதையெல்லாம் பாடம் மாதிரி ஒப்பித்தீர்கள். இது படர்தாமரை, பூஞ்சையால் வருவது. பட்டு இழை காய்ந்து அறுந்துவிடும் என்று தறிமேல் காற்றாடி போடுவதில்லை. தறிக் குழியில் காலை விட்டு, இறுக்கமான நைலான் ஜட்டியோடு நாளெல்லாம் வியர்த்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். என் டியூப் அரிப்பை அமுக்கியதே தவிர, உள்ளே பூஞ்சை நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. பூஞ்சையைக் கொல்கிற களிம்பை மட்டும், படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை தடவ வேண்டும். மறைந்துவிட்டதே என்று நிறுத்தாமல் இன்னும் இரண்டு வாரமாவது போட வேண்டும். மாத்திரை டாக்டர் சொல்கிற வரைக்கும். அண்ணிக்கும் சேர்த்து வைத்தியம், ஆளுக்கொரு துண்டு. சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லியிருந்தார். உங்களுக்கு இல்லை.

நீங்கள் அதை அப்படியே செய்தீர்கள். மணிக்கொரு தடவை குழியை விட்டு ஏறி, ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணிக்கு மாறினீர்கள். நம் ஊரில் ஆண்களின் ஜட்டி துண்டுக்கு அடியில் ஒளிந்து, பாதி ஈரத்திலேயே காயும். நீங்கள் சுடுதண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தெருப் பக்கத்துக் கொடியிலேயே வெயிலில் போட்டீர்கள். தெருவே சிரித்தது. "சூரியனுக்கு வெக்கமில்ல, எனக்கு இன்னா?" என்றீர்கள்.

அண்ணியை அழைக்கப் போனபோது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டீர்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னால் நம்புவார்கள் என்று. டாக்டர் சீட்டைக் காட்டி, இது கெட்ட சகவாசத்தால் வந்ததில்லை, வியர்வையும் பூஞ்சையும்தான் காரணம் என்று விளக்கினேன். அண்ணி முகம் தெளிந்தது. உங்கள் மாமனார் மட்டும் விடவில்லை. மகளிடம் எல்லாம் கேட்டு வைத்திருந்தார். "சாதா படைன்னா தோலு எப்புடிங்க இப்புடி கிழிஞ்சி போவும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அதற்குப் பதில் நான்தான். வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் என் முழங்காலில் கை வைத்து அழுத்தி, "நாந்தான் மாமா கண்டதையும் வாங்கிப் போட்டுகினேன். எல்லாம் என் தப்பு" என்றீர்கள். என் கடைப் பேர் கெடக்கூடாது என்று உங்கள் பேரைக் கொடுத்தீர்கள். நானும் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி உங்களோடு வந்துவிட்டார். மாமனார் அந்த "என் தப்பை" பெங்களூரில் செய்த தப்பாகவே எடுத்துக்கொண்டார்.

குணமாக நாலு மாதம் ஆனது. கோடுகள் போகவே இல்லை. அதன்பிறகு இத்தனை வருஷமும், சாயங்காலம் நீங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தால், யாராவது "பிரண்டுக்கு" என்று ஆரம்பிப்பார்கள். "பிரண்டுக்கு எங்க அரிக்குதுன்னான்? பொண்டாட்டிக்கும் அரிக்குதாமா?" என்று நீங்கள் கேட்கிற கேள்வியில் பிரண்டு மாயமாகிவிடுவார். ராத்திரி குடும்பத்துக்கே அரித்தால் சிரங்காக இருக்கலாம், முன்தோலில் வெடிப்பும் வெள்ளைப் படிவும் இருந்தால் சர்க்கரையைப் பார், புண்ணோ சீழோ இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போ என்பீர்கள். படித்தவன் நான். ஒரே டியூபை எல்லாருக்கும் நீட்டியவனும் நான்தான். உங்கள் மாதிரி ஓர் ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை அண்ணா.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டீர்கள். காரியத்தன்று பந்தலில் உங்கள் மாமனார் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எட்டு மாதம் அந்த மருந்தைக் கொடுத்தது நான்தான், தோல் கெட்டது அதனால்தான் என்று சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "அப்ப அவன் மேல தப்பே இல்லியா?" என்றார்.

"இல்லிங்க."

"ஆறு வருஷமா அவன் வூட்டுல நான் கை நனைக்கல" என்றார். "வாசலோட வந்து பொண்ண பாத்துட்டுப் போயிகினு இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் சாப்புடுங்க மாமான்னுவான்."

இப்போது சீட்டு இல்லாமல் கேட்கிற எல்லாரிடமும், கடையில் ஆள் இருக்கும்போதே, இந்தக் கதையை என் பேரோடு சொல்கிறேன். சிலர் நின்று கேட்கிறார்கள், சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். அன்றைக்குக் கலசப்பாக்கத்தில் சொல்லியிருந்தால் மாமனார் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட்டிருப்பார்.