உன் இடது பக்கத்து நிழல்

அன்பு மருமகள் சுண்டெலிக்கு,

ஏழு ஊர் மணப்பெண்களை ஒரே சொடுக்கில் சிரிக்க வைத்தவனும், தும்மலைக்கூடத் துல்லியமாகப் படம்பிடித்தவனுமாகிய உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது தனி அரசாங்கம் நடத்துகிறது. உன் சுகத்தை நீ எழுதும் வரிகளை வைத்து நாங்கள் நம்புவதில்லை, ஒன்பது வருஷம் உன்னை வளர்த்தவர்களுக்கு அது தெரியும். காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று அத்தை கேட்கிறாள். இந்தக் கடிதத்தை அவள்தான் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்புவாள், எழுத்து மங்கினால் பழி அவளுக்கு.

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுக்கும் வேலை உனக்கு நிரந்தரமாகுமா என்பது இந்த மாதக் கடைசியில் தெரியும் என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நாலு தட்டோடு எழுந்துவிட்டேன். முதல் குறை, பனி அழுக்காக விழுகிறது. அது உன் தப்பு இல்லை. காமிரா ஒரு பயந்தாங்கொள்ளி, அவ்வளவு வெள்ளையை ஒரே இடத்தில் பார்த்தால் மிரண்டுபோய் எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். அது சொல்கிற கணக்கைவிட ஒன்றரை ஸ்டாப் கூட்டி வெளிச்சத்தை உள்ளே விடு, பனி வெள்ளையாகும். இரண்டாவது குறை, படத்தில் நிழல் விழுகிறது. அதற்குப் பொறுப்பு நான். சூரியன் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்று உனக்கு மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே. இங்கே சூரியன் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும், நம் நிழல் காலடியில் நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடக்கும். உன் ஊரில் நடுப்பகலிலேயே சூரியன் வேலி உயரத்துக்குமேல் ஏறாதாம். அதை முதுகில் வைத்துக்கொண்டு நின்றால் உன் நிழல் உனக்கு முன்னால் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டும். இனி சூரியனைத் தோளுக்குக் கொடு. பக்கவாட்டில் வாங்கி நில், நிழல் படத்துக்கு வெளியே விழுந்துவிடும், வேலையும் நிலைக்கும்.

பாடம் இத்தோடு முடிந்தது. அத்தை இங்கேயே கையெழுத்துப் போடச் சொல்கிறாள். 'தனியா இருக்கிற பொண்ணு, கண்டதையும் எழுதிப் பயமுறுத்தாதீங்க' என்கிறாள். ஆனால் உன் முதலாளியம்மா சொன்னதாக நீ சிரித்துக்கொண்டே எழுதியிருந்தாயே, 'உன் கூட வர்றவங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு' என்று, அந்த ஒரு வரிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தனியாகத்தான் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அத்தை முதலில் 'யாரையாவது கட்டிக்கிட்டு நம்மகிட்ட மறைக்கிறாளோ' என்றாள். நான் நீ அனுப்பிய ஏழு படங்களையும் சுவரளவுக்குப் பெரிதாக்கினேன். சரி, சுவரளவு இல்லை, மேசையளவு. நான் எதையும் பத்தால் பெருக்கிச் சொல்கிறவன் என்பது ஊருக்கே தெரியும், அதனால் இங்கிருந்து எண்ணியதை எண்ணியபடியே எழுதுகிறேன்.

ஏழிலும் வீடு காலி, தெருவில் ஆள் இல்லை, பனியில் உன் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. முதல் படத்தில் இடது ஓரம், கேட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு நிழல். கம்பம் என்று நினைத்தேன். இரண்டாவது வேறு வீடு, வேறு தெரு, அதே நிழல் இரண்டடி கிட்டே வந்திருக்கிறது. ஐந்தாவதில் அது குடை பிடித்திருப்பது தெரிகிறது. ஏழாவதில் குடை உன் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. உன் இரண்டு முழங்கையும் காமிராவைப் பிடித்தபடி மடங்கியிருக்கின்றன, நிழலில் சுத்தமாகத் தெரிகிறது. குடையைப் பிடித்திருப்பது மூன்றாவது கை. குடையின் விளிம்பில் ஒரு இடத்தில் கம்பி இல்லாமல் துணி உள்வாங்கியிருக்கிறது. பிடித்திருப்பவர் ஒரு குதிகாலைத் தூக்கி எக்கி நிற்கிறார்.

உனக்குச் சொல்லவேண்டியதில்லை. வெளியே குரூப் படம் எடுக்கும்போதெல்லாம் லென்ஸில் வெயில் விழாமல் என் இடது பக்கம் நின்று கறுப்புக் குடை பிடித்தவள் என் அக்கா, உன் அம்மா. குள்ளச்சி, எக்கித்தான் பிடிப்பாள், 'சீக்கிரம் எடுத்துத் தொலைடா, தோள் கழண்டு விழுது' என்று திட்டிக்கொண்டே. குடைக் கம்பி ஒடிந்ததும், ஒரு கல்யாணத்தில் நான் அவசரமாக முன்னால் பாய்ந்து, மணமேடைக்கும் எனக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்ட அன்றுதான். அவள் கண்ணை மூடிய பிறகு அந்தக் குடையை யாரும் விரிக்கவில்லை, ஸ்டுடியோ பின்னறையில் திரைச்சீலைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஏழாவது படம் எடுத்த அன்று வெயிலும் அடித்துப் பனியும் தூறியது என்று எழுதியிருந்தாய். அந்தப் படம் வந்த காலையில் ஸ்டுடியோவைத் திறந்தேன். குடையின் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு டம்ளர் அடி அளவுக்குத் தண்ணீர். குளம் என்று சொல்லவில்லை பார், டம்ளர் அடி அளவுதான். விரலை வைத்தேன், எலும்புவரை சுட்டது, அவ்வளவு குளிர். இங்கே மழை பெய்து நாற்பது நாள் ஆகிறது. அத்தை துணியை எடுத்துத் துடைத்தாள். மறுநாள் அதே இடம் மறுபடி ஈரம்.

இரண்டு நாளாக இதை எழுதலாமா என்று உட்கார்ந்திருந்தேன். தோள்பக்கம் சூரியனை வாங்கச் சொன்னால் உன் வேலை நிலைக்கும், படத்தில் அவள் இருக்கமாட்டாள். அவளுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும், உன் வேலைதான் வேண்டும். அதனால் நான் சொன்னபடியே நில். முதலாளியம்மாவிடம் கூட வருகிறவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டதாகச் சொல். ஆனால் எந்த வீடானாலும் வேலை முடிந்த பிறகு ஒரே ஒரு படம் சூரியனை முதுகில் வைத்துத் தப்பாக எடுத்து எனக்கு அனுப்பு. திரும்பிப் பார்க்காதே, யாரும் இருக்கமாட்டார்கள், நான் இங்கே பலமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நீ எடுக்கும் படங்களில் வெளிச்சம் குறையாதிருக்கட்டும், நீ நிற்கும் இடத்தில் கால் வழுக்காதிருக்கட்டும். காதை மூடிக்கொள். பனியில் வேகமாக நடக்காதே, இடது பக்கம் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு நட. அவளுக்கு உன் உயரம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு பொய்கூடச் சேர்க்காமல் முதல்முறையாகக் கடிதம் எழுதிய
உன் மாமா