வெள்ளிக்கிழமைக் குளிசை

யூன் 6, வெள்ளி
காலையிலேயே வெயில் கொதி. அம்மாவோடு கிளினிக். இரண்டு மாதத்தில் மூன்று தரம் தலைச்சுத்து. கடைசித் தரம், பளை முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போகும் வழியில், ஸ்கூட்டரோடு வேலிக்குள். இனியும் வந்தால் வேலையையே விடுவாராம்.

டொக்டர் அம்மாவின் தலையைச் சரித்துத் திருப்பினார். உள்காதில் குட்டிக் கல் இடம் மாறியிருக்கிறதாம். கல்லுத் தோடு ஆசைப்பட்டவருக்குக் கல் உள்ளேயே பதித்துக் கிடைத்திருக்கிறது. சொன்னேன். முறைப்பு.

இரத்தத்தில் விற்றமின் டி அடிமட்டம். ஆனையிறவில் உப்பு விளைகிற வெயிலில்.

"குறைவா இருக்கிறவை இதைக் கூட்டினா, திரும்பத் திரும்ப வாறது குறையும். கிழமைக்கு ஒரு குளிசை, சாப்பாட்டோட."

இன்று வெள்ளி என்பதால் பைக்கற்றில் 'வெள்ளி' என்று எழுதித் தந்தார்கள்.

யூலை 5, சனி
விடிய எழும்பிய அம்மா சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"வேலைக்குக் கடிதம் குடுக்கப்போறன் பிள்ளை."

கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தினேன்.

பின்னேரம் அலுமாரியில் குளிசை அட்டை. எட்டும் அப்படியே.

"இதென்னம்மா?"

"வெள்ளிக்கிழமை பிள்ளையார் விரதத்தில மீன் மச்சம் தொடுவனே? அதுக்குள்ள மீனெண்ணெய். மணந்து பாத்தனான்."

"வேற நாளில போட்டிருக்கலாமே."

"பைக்கற்றில வெள்ளி எண்டெல்லோ கிடக்கு."

அம்மாவுக்கு டொக்டரிலும் பயம், பிள்ளையாரிலும் பயம். நடுவில் கல்.

யூலை 7, திங்கள்
மறுபடி கிளினிக், மறுபடி தலையைத் திருப்பல். விரதக் கதை கேட்டு டொக்டர் சிரித்துவிட்டார்.

"எந்த நாளும் சரி அம்மா. விட்டதையெல்லாம் சேர்த்துப் போட்டிடாதேங்கோ."

ஞாயிறு என்று முடிவு. எங்கள் வீட்டு மீன்குழம்பு நாள். சூரியச் சத்துக்கு ஞாயிறு: பொருத்தம் பத்துக்குப் பத்து.

ஓகஸ்ட் 31, ஞாயிறு
எட்டாவது குளிசை. வழமைபோல் ரயில் நிலையக் குரலில் அறிவித்தேன்: "பரந்தனிலிருந்து புறப்படும் குளிசை, தொண்டை ஊடாக..." அகப்பையால் அடி.

கடைசித் தலைச்சுத்து வந்து எட்டுக் கிழமை. சோதனை:
கட்டிலில் புரளல் – சரி.
குனிந்து கூட்டல் – சரி.
அண்ணாந்து முருங்கைக்காய் பறித்தல் – சரி.
என்னைத் துரத்தல் – மிகமிகச் சரி.

செப்ரெம்பர் 8, திங்கள்
இரத்தத்தில் டி ஏறிவிட்டது. ஸ்கூட்டர் ஓடலாம் என்று டொக்டரே சொல்லிவிட்டார். அம்மா ஸ்கூட்டரில், நான் பின்னால். என் பள்ளிக்கூடமும் பளையில்தான். பரந்தன் சந்தி தாண்டியதும் யாழ்ப்பாண பஸ்ஸையே முந்தினார். நான் சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மெல்லப் போங்கோ அம்மா."

"வாயை மூடு. முன்பள்ளியில பிள்ளையள் என்னைப் பாத்துக்கொண்டு நிக்குங்கள்."