சட்டை போடாதவருக்கு வந்த காது மிஷின்

ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
18-10-1961

சிரஞ்சீவி அழகியமணவாளனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில இங்கே ரெண்டு பேரும் சௌக்யம்னு எழுதணும், எழுதிட்டேன். உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசுதான் சரியில்லை, அதுக்குக் காரணம் நீ லண்டன்லேர்ந்து அனுப்பின காது மிஷின். மிஷின் அமோகமா இருக்குன்னு உங்கப்பா உனக்கு எழுதியிருப்பார், அத்தனையும் பொய். பெத்த பிள்ளை தன் கையால டிராயிங் போட்டுப் பண்ணினதாச்சே, குத்தம் சொல்ல அவருக்கு வாய் வராது. எனக்கு வரும்.

சட்டைப் பையில மாட்டிக்கணும்னு படம் வேற போட்டு அனுப்பியிருக்கே. உங்கப்பா சட்டை போட்டு நீ எப்போடா பாத்தே? டவுனுக்கு டாக்டர்கிட்டப் போறச்சே கூட அங்கவஸ்திரம்தான். இடுப்புல சொருகிண்டார், மனுஷா பேச்சுக்குப் பதிலா வேஷ்டி உராயற சத்தம்தான் கேக்கறது, யாரோ காதுக்குள்ள சருகை மிதிக்கறான்னார். பூணூல்ல கட்டிக்கோங்கோன்னு நான் சொல்லப் போக அன்னிக்குப் பூரா என்னோட பேசலை. போதாததுக்குத் தோல் உறை. தோலை மேல வெச்சுண்டு சந்நிதிக்குள்ள எப்படிப் போவார், நீ ஸ்ரீரங்கத்துல பொறந்தவன்தானே. கடைசியில என் பழைய பட்டுப் புடவையை வெட்டி ஒரு பை தெச்சு நான்தான் கழுத்துல மாட்டி விட்டேன்.

அதோட விட்டுதா. சத்தத்தைக் கூட்டற சக்கரம் மிளகளவு இருக்கு, அவர் விரலோ மரத்துப் போய் நடுங்கறது. எந்தப் பக்கம் திருகினா கூடும்னு எழுதியிருக்கற எழுத்து எறும்புக் கால் மாதிரி. போன ஏகாதசிக்கு கோவில் கோஷ்டியில பாசுரம் சொல்ல உக்காந்திருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு அடி சொன்னா இந்தப் பக்கம் அடுத்த அடியை வாங்கணுமே, அது சரியாக் கேக்கலைன்னு சக்கரத்தைத் திருகிண்டே போயிருக்கார், மிஷின் ரயில் மாதிரி ஊத ஆரம்பிச்சுடுத்து. அத்தனை பேருக்கும் கேக்கறது, அவருக்கு மட்டும் கேக்கலை. எல்லாரும் நிறுத்திட்டா. இவர் மட்டும் கண்ணை மூடிண்டு தனியா உரக்கப் பாசுரம் சேவிச்சிண்டிருக்கார். தூணண்டை நின்னுண்டிருந்த எனக்கு உசிரே போயிடுத்து. யாரும் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை, பக்கத்துல இருந்தவர் மெள்ளத் தோளைத் தொட்டார், அப்புறம்தான் கண்ணைத் திறந்து பாத்தார். ஆத்துக்கு வந்ததும் மிஷினைக் கழட்டி அரிசி டின்னுல போட்டவர்தான், கோஷ்டிப் பக்கமே போகலை. சின்ன வயசுலேர்ந்து மார்கழி உற்சவத்துல ஒரு பகல்பத்து கோஷ்டி விட்டதில்லை, மார்கழி இதோ வந்துடும், இந்த வருஷம் போகலைன்னா இனிமே போகமாட்டார். ஏன் இப்படியிருக்கேள்னு கத்திக் கேட்டேன். "அவன் நன்னாத்தான் பண்ணியிருக்கான் செங்கமலம், எனக்குத்தான் வெச்சுக்கத் தெரியலை, மூளை மழுங்கிடுத்து"ங்கறார். நாலாயிரம் பாசுரமும் தூக்கத்துல கேட்டாக் கூடச் சொல்ற மூளைடா அது.

இதை யார்கிட்டக் குடுத்துப் பாத்தே, உன்னோட வேலை பாக்கற வாலிபப் பசங்ககிட்டயா? அடுத்ததைப் பண்றதுக்கு முன்னாடி நீ சட்டையைக் கழட்டிட்டு, காதுல பஞ்சை அடைச்சிண்டு, விரல்ல துணியைச் சுத்திண்டு அந்தச் சக்கரத்தைத் திருகிப் பாரு. நெல்லிக்காய் அளவுக்குப் பண்ணினா உங்க கம்பெனி முழுகிடுமா? ஊதறச்சே மிஷினே மார்ல தட்டி அவருக்குச் சொல்ற மாதிரி ஏதாவது வைக்க முடியுமான்னும் யோசி. பாக்க அழகா இருக்கணும்னு இங்கே யாரும் அழலை.

உன் தங்கை அமிர்தவல்லி மசக்கையில சாதத்தைக் கண்டாலே ஓடறாளாம், அடுத்த வாரம் மண்ணச்சநல்லூர் போய்ப் பாத்துட்டு வரேன். கொள்ளிடத்துல தண்ணி நிறைய வரது. நீ குளிர்ல வெறுங்காலோட நிக்காதே, எண்ணெய் தேச்சுக்கோ, தீர்க்காயுசா இரு.

நான் எழுதினது அவருக்குத் தெரியாது. நீயாத் தோணினாப்பல அவருக்கு ஒரு கடுதாசி போடு. தப்பு மிஷின்மேலதான், அப்பாமேல இல்லைன்னு எழுது, நீ சொன்னாத்தான் நம்புவார். உன் எழுத்தும் உன் மிஷின் மாதிரியே பொடிசு, அதனால பெரிசு பெரிசா எழுது. நான் படிச்சுக் காட்டினா அவருக்குக் கேக்காது, அவரே படிக்கணும்.

இப்படிக்கு
உன்மேல கோவமும் உன் நினைப்புமா இருக்கற
அம்மா செங்கமலம்