ஊசி போட்ட மறுநாள்

ஐப்பசி 5, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையைக் கம்பெனி பஸ்ஸிலேயே விட்டாயிற்று. கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும்வரை பஸ் முழுக்க இருமல் கச்சேரி.

கேண்டீனில் எல்லோரையும் ஃப்ளூ ஊசி முகாமுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன். பேக்கிங் செல்வி: "கொரோனா ஊசிதான் ரெண்டு போட்டுக்கினோமே மேடம், இன்னாத்துக்கு இன்னொண்ணு?" முன்பெல்லாம் காய்ச்சல் என்றால் கஷாயம், மாத்திரை, அவ்வளவுதான். இப்போது எல்லோர் வாயிலும் வைரஸ், டோஸ். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று நினைப்பு. இது வேறு கிருமி, வருஷா வருஷம் மாறும் என்றேன். யோசித்துப் பெயர் கொடுத்தாள். பின்னாலேயே இன்னும் சிலர். ஒரே சந்தோஷம்.

வீட்டில் அப்பாவிடமும் அதே பேச்சு. சர்க்கரை உடம்பு. போன வருஷம் காய்ச்சல் நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெள்ளிக்கிழமை பெருமாள் கோயிலில் அவருடைய பூஜை முறை ஆரம்பம். வருஷம் முழுக்கக் காத்திருப்பது அதற்குத்தான். முறை ஆரம்பித்துவிட்டால் உடம்பில் ரத்தம் பார்க்கக் கூடாதாம், ஊசி கிடையாது. "அப்ப நாளைக்கே போட்டுண்டுடறேன்" என்றார். அம்மா தனக்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள்.

ஐப்பசி 6, செவ்வாய்

அப்பாவுக்கு ஊசி ஆயிற்று. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

வாங்க: பால், துளசி, வேறு குடை.

ஐப்பசி 7, புதன்

விடியும்போதே அப்பாவுக்கு உடம்பு அனல். இருமல். அம்மா: "நன்னா இருந்த மனுஷனுக்கு ஊசியைப் போட்டு ஜுரத்தை வரவழைச்சுட்டியேடி!"

ஊசி போட்ட அப்பாவுக்கு ஜுரம் என்று கம்பெனியில் சொல்லி லீவு. டாக்டர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். ஃப்ளூவேதான். ஊசியால் ஃப்ளூ வராது, முன்பே ஒட்டியிருக்கிறது, ஊசி வேலை செய்யவே ரெண்டு வாரம் போல ஆகும் என்றார். மாத்திரை உடனே ஆரம்பம். அம்மா நம்பவில்லை. என்னோடு பேச்சு இல்லை. தட்டை மட்டும் நங்கென்று வைத்தாள்.

சாயங்காலம் செல்வி போன். "இன்னா மேடம், ஊசி போட்டு உங்க நைனாவுக்கே ஜொரம் வந்துட்சாமே? நம்ம லைன்ல அல்லாரும் பேரை எடுத்துட்டாங்க."

அழுகையாக வந்தது.

ஐப்பசி 8, வியாழன்

அப்பாவுக்கு ஜுரம் இறங்கவில்லை. மூச்சு மட்டும் சீராக இருக்கிறது. அந்த மட்டும் நிம்மதி.

சித்தப்பா பையன் ரங்கன் கோயிலிலிருந்து வந்து வாசலில் நின்றான். "ஜுரம்தானே பெரியப்பா, மாத்திரையைப் போட்டுண்டு வந்துடுங்கோ. உங்க முறையாச்சே."

அப்பா உள்ளிருந்தே: "இந்தக் கையாலதானேடா எல்லாருக்கும் தீர்த்தம் குடுக்கணும்? சின்னக் குழந்தைகள்லாம் வரும். நீயே பாத்துக்கோ."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

ஐப்பசி 9, வெள்ளி

மழை விட்டது. அப்பாவுக்கு ஜுரம் குறைவு. கஞ்சி கேட்டார்.

சமையலறையில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் அம்மா வெறும் தரையில் சுருண்டு கிடக்கிறாள். தொட்டால் கொதிக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் பேசினாள்.

"நான் ஊசியே போட்டுக்கலையேடி. எனக்கெப்படி வந்தது?"